கிணற்றில் சரிபாதி

ஜூன் 11

வக்கீல் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது. நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள், நாளைக்குக் கோர்ட்டில் கேட்கும்போது மாற்றி மாற்றிப் பேசக்கூடாது என்றார். அவர் பேர் இரத்தினசபாபதி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. உரக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

சம்மனில் என் பேரைப் பார்த்தபோது யாரோ வேறொரு பொம்பளை போல இருந்தது. "மூன்றாம் பிரதிவாதி கருணாம்பிகை, க/பெ லேட் அத்தப்பன்." செத்துப்போன மனிதனுக்கு முன்னால் மட்டும் மரியாதையாக லேட் போட்டிருக்கிறார்கள்.

சங்கதி இதுதான். என் வீட்டுக்காரரின் அண்ணன் பொங்கியண்ணன் தன் பாகத்து நிலத்தை ஒரு சாயப்பட்டறைக்கு வாடகைக்கு விட்டார். பட்டறைக்காரன் சாயக்கழிவைச் சுத்திகரிக்காமல் எங்கள் பழைய கிணற்றுக்குள் இறக்கிவிட்டான். ஊர்த் தண்ணீரெல்லாம் சிவந்த பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரர்கள் வந்து பட்டறையை மூடினார்கள். அவன் ஓடிவிட்டான். கிணற்றிலிருந்து கசடை அள்ளி லாரி லாரியாக ஏற்றி அரசாங்கமே சுத்தம் செய்தது. செய்த செலவை இப்போது கேட்கிறது. முதல் பிரதிவாதி, ஓடிப்போனவன். இரண்டாவது, மூத்தவர் பொங்கியண்ணன். மூன்றாவது நான். ஏனென்றால் அந்தக் கிணறு சரிபாதி என் பங்கு.

பட்டறைக்காரனைப் பிடிக்க முடியாவிட்டால் முழுசையும் எங்கள் இரண்டு பேரிடமும் வசூலிப்பார்களாம். கட்டாவிட்டால் என் ஒன்றரை ஏக்கரும் இந்த வீடும் ஜப்தி. பட்டறை வாடகையை நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. தின்றது ஒருத்தர், கை கழுவ வேண்டியது இன்னொருத்தரா?

ஜூன் 12

நேற்று விட்டுப்போனது. கிணற்றைப் பற்றி எழுத வேண்டும் என்றார் வக்கீல்.

அது பங்குக் கிணறு. அண்ணன் தம்பி நிலம் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க முடியாதே, ஆளுக்குச் சரிபாதி என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு நாள் முறை, எங்களுக்கு ஒரு நாள் முறை. மோட்டார் ரூமுக்கு ஒரே பூட்டு, இரண்டு சாவி. தண்ணீர் வற்றிப் பல வருசம் ஆகிறது. என் வீட்டுக்காரர் மனம் கேட்காமல் மோட்டார் ரூம் மூலையிலேயே ஒரு போர் போட்டார். தண்ணீருக்குப் பதில் புகைதான் வந்தது. மேலே ஒரு பலகைக்கல்லைப் போட்டு மூடினோம். அந்தக் கவலையிலேயே அவர் போய்ச்சேர்ந்தார் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் காரியம் முடிந்து மூன்றாம் மாதம் மூத்தவர் ஆள் விட்டுக் கேட்டார், கிணற்றுப் பங்கைத் தனக்கே எழுதிக்கொடுத்துவிடட்டும் என்று. தாலி போனதும் பங்கும் போகணுமா என்று சபையிலேயே கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவரும் நானும் பேசுவதில்லை. ஒன்பது வருசம். சொட்டுத் தண்ணீர் இல்லாத கிணறுதான். ஆனாலும் என் பங்கு என் பங்குதான்.

அந்தப் பங்குதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

ஜூன் 14

ஞாயிறு. தாமு வந்தான். என் ஒரே பையன் தாமோதரன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். அதற்கு முன்னால் அந்தச் சாயப்பட்டறையில்தான் மூன்று வருசம் சூப்பர்வைசராக இருந்தான். வக்கீல் படிப்பாரானால் சொல்லிவிடுகிறேன், அவன் ஆபீஸ் வேலைதான் பார்த்தான். கழிவுக்கும் அவனுக்கும் சம்பந்தம் கிடையாது.

சம்மனைக் காட்டினேன். இரண்டு தரம் படித்தான். "மோட்டார் ரூமப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்குதாம்மா?" என்று கேட்டான். நான் எங்கே அதையெல்லாம் பார்த்தேன். கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட்டான். திருப்பூர்த் தண்ணீர் அவன் உடம்புக்கு ஆகவில்லை.

ஜூன் 23

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து மூச்சு விட நேரமில்லை. நான் சத்துணவு அமைப்பாளர். சமைக்க டேங்கர் தண்ணீர் வருகிறது. தட்டுக் கழுவ மட்டும் பள்ளிக்கூடத்து போர்த் தண்ணீர். அது இன்னும் செம்பருத்திப் பூ ஊறப்போட்டது போலத்தான் வருகிறது. தட்டுக் கழுவும் பிள்ளைகளுக்கு விரல் இடுக்கெல்லாம் தோல் உரிகிறது. தேங்காயெண்ணெய் பாட்டிலைச் சமையல்கட்டு ஜன்னலிலேயே வைத்துவிட்டேன், வரிசையாக வந்து கையை நீட்டுகிறார்கள்.

கிணறு சுத்தமாகி ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. போகப் போகத் தெளியும் என்று வாரியத்துக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 8

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க கோர்ட்டிலிருந்து ஒரு கமிஷனர் வந்தார். சின்ன வயசு வக்கீல்தான், பேர் மட்டும் கமிஷனர். வாரியத்து அதிகாரி, அரசு வக்கீல், எங்கள் வக்கீல், மூத்தவர், அவர் சம்சாரம் தெய்வாத்தாள் அக்கா எல்லாரும் இருந்தார்கள். ஆம்பளைகள் மோட்டார் ரூமுக்குள் போய் அளந்தார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மூத்தவர் வீட்டு ஆள்களோடு உள்ளே இடித்துக்கொண்டு நிற்க எனக்கென்ன தலையெழுத்து.

பட்டறையிலிருந்து வந்த பைப் மண்ணுக்கடியில் ஓடி, மோட்டார் ரூமுக்குள் ஏறி, அங்கிருந்து கிணற்றில் இறங்கியிருக்கிறதாம். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் முதலில் வந்தபோது பூட்டு உடைக்காமல் அப்படியே இருந்தது என்று வாரியத்து அதிகாரி சொன்னார். அப்படியானால் சாவி வைத்திருந்த யாரோதான் திறந்துவிட்டிருக்க வேண்டும். சாவி யாரிடம் என்று கமிஷனர் கேட்டார்.

மூத்தவர் சொன்னார்: "எங்கிட்டத்தானுங்க. ஒரே சாவிதானுங்க."

எனக்கு உச்சி சுட்டுவிட்டது. எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்கள். ஒரே சாவி என்று கோர்ட்டு ஆள் எழுதிக்கொண்டால், கிணறு முழுசும் அவருடையது என்று ஆகிவிடாதா? ஒன்பது வருசமாக வாங்க முடியாததை ஒரே வார்த்தையில் வாங்கப் பார்க்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று என் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தேன். எடுத்துக் கமிஷனர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். "இது என்னுங்க அப்ப? கெணறு சரிபாதி என்னுது. சாவியும் ஒண்ணு எங்க வீட்லதான் ஆணில தொங்குது, எந்தக் காலத்துலயும்."

கமிஷனர் எழுதிக்கொண்டார். எங்கள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டவே இல்லை. மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குட்டு வெளிப்பட்டால் அப்படித்தான்.

அறிக்கை கொடுக்கிற வரைக்கும் யாரும் திறக்கக்கூடாது என்று பூட்டுக்கு அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜூலை 9

வக்கீல் போனில் கத்தினார். ஒரே சாவி என்று அவரே சொல்லும்போது நீங்கள் ஏனம்மா வாயைத் திறந்தீர்கள், திறந்துவிட்டது யார் என்கிற கேள்வி இப்போது உங்கள் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது என்றார். வந்தால் வரட்டும். என் வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான். ஞாயிற்றுக்கிழமை தாமு.

சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். அதில் கட்டியிருந்த வெள்ளை நூல் ஒரே ஊதாவாக இருந்தது. பழைய நூல்தானே. அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டுப் புது நூல் கட்டினேன்.

எருமைக்குப் பருத்திக்கொட்டை ஊறவைக்க மறந்துவிட்டேன்.

ஜூலை 12

தாமு வரவில்லை. ஓவர்டைம் என்றான்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. மோட்டார் ரூமுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம். கிணறு வற்றிப்போனாலும் நான் விட்டதில்லை. பங்குக்காரி போகாவிட்டால் பங்கு போய்விட்டது என்று சொல்ல ஆள் இருக்கிறதே. இந்த வருசம் அரக்கு வைத்த கதவுக்கு வெளியிலேயே உடைத்தேன்.

அதற்கு முந்தின வருசங்களில் தாமுதான் போனான். பட்டறையில் சேர்ந்த வருசமே சொல்லிவிட்டான், "உனக்குக் கால் வலிம்மா, நீ எதுக்கு அத்தன தூரம் நடக்கற, நான் அங்கதான இருக்கறன், நானே ஒடச்சிட்டு வந்தர்றன்" என்று. மூன்று வருசமும் சாவியை எடுத்துக்கொண்டு அவனே போய்வந்தான். இந்தக் காலத்தில் எந்தப் பையன் இப்படிச் செய்வான்.

தேங்காய் கொப்பரை போட்டிருந்தது. நல்லதற்குத்தான் என்பார்கள்.

ஆகஸ்ட் 19

வாய்தா.

செப்டம்பர் 16

டேங்கர் வரவில்லை. பஞ்சாயத்தில் கேட்டால் டிரைவருக்குக் காய்ச்சலாம். பிள்ளைகளைப் பட்டினி போட முடியுமா? சமையல் செய்கிற ரோஸ்லின் போர்த் தண்ணீரில் அரிசி வைத்துவிட்டாள். வெந்து வடித்தபோது சோறு இளஞ்சிவப்பாக இருந்தது. தக்காளி சாதம் என்று சின்னதுகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தன.

முழுசையும் குழி தோண்டிக் கொட்டினேன். கடையில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். ரோஸ்லினைத் திட்டினேன். அவள் அழுதாள். பிறகு நானும் அழுதேன், அவள் பார்க்காதபடி.

கிணற்றைக் கழுவித் துடைத்துவிட்டார்கள், பட்டறையும் இல்லை. பிறகு இந்தத் தண்ணீரில் எங்கிருந்து சாயம் வருகிறது?

அக்டோபர் 11

தெய்வாத்தாள் அக்கா வந்திருந்தார். ஒன்பது வருசத்தில் முதல் தடவையாக என் வாசல் ஏறியிருக்கிறார். காபி கொடுத்தேன். நான் காபி கொடுப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது, அதனால் இன்னும் நன்றாகவே போட்டேன்.

மூத்தவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நிலம் பிரித்த காலத்திலேயே கிணற்றுப் பங்கை வாய்மொழியாகத் தனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள், பத்திரம் மாற்றத்தான் விட்டுப்போனது என்று அவர் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறாராம். அதையே நானும் சொன்னால் என்னைக் கேஸிலிருந்து எடுத்துவிடுவார்களாம். கேஸ் முழுசும் அவர் தலையில். சாவி எப்படி வந்தது என்று கேட்டால், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவர் கொடுத்துவைத்த உபரிச் சாவி என்று சொல்ல வேண்டும்.

நான் கேட்டேன், இத்தனை நல்ல மனசு எப்போதிருந்து வந்தது என்று. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைக் கழுவிவைத்துவிட்டுப் போனார். விருந்தாளி டம்ளர் கழுவுவதா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அக்டோபர் 13

வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. சாமியே எதிரில் வந்து வரம் கொடுத்தால்கூட இப்படி அமையாதம்மா என்றார். அரசு வக்கீல் எதிர்க்க மாட்டாராம். செலவை ஈடுகட்ட மூத்தவரின் ஆறு ஏக்கரே போதுமாம்.

எனக்கும் பொட்டென்று பாரம் இறங்கினாற்போல இருந்தது. இது மூத்தவருடைய சூழ்ச்சிதான், கேஸ் முடிந்ததும் கிணறு முழுசும் அவருடையதாகிவிடும். ஆகட்டுமே. விஷக் கிணற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்? என் வீடு நிற்கும். நாளைக்குத் தாமுவுக்குப் பெண் பார்க்கிற வீட்டில் ஜப்தி வீடு என்று யாரும் சொல்ல முடியாது.

சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 8

தீபாவளி. தாமு வந்தான். எனக்குச் சுங்குடிச் சேலை, ஊதா நிறம். வேறு நிறம் கிடைக்கவில்லையா என்றேன்.

மூத்தவர் செய்யப்போவதைச் சொன்னேன். சந்தோசப்படுவான் என்று பார்த்தேன். பெரியப்பா அப்படிச் சொன்னாரா, பெரியப்பாவே சொன்னாரா என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு, "பள்ளிக்கூடத்துத் தண்ணி இன்னும் அப்பிடியேதான் வருதாம்மா?" என்றான். அப்படியேதான் வருகிறது, பிள்ளைகள் கையைப் பார்க்கிறாயா என்றேன். அவனுக்குப் போன் வந்தது, வெளியே போய்விட்டான். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காது மந்தமாகிக்கொண்டு வருகிறது.

நவம்பர் 25

கமிஷனர் அறிக்கை கொடுத்துவிட்டார். அரக்கை உடைத்துவிட்டார்கள். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட டிசம்பர் ஒன்பதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார் வக்கீல்.

டிசம்பர் 2

விட்டுக்கொடுக்கப் போகிற பங்கை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. பள்ளிக்கூடம் விட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நாலு வருசத்துக்கு மேல் ஆயிற்று நான் அந்தக் கதவைத் திறந்து.

உள்ளே பழைய மோட்டார் கிடக்கிறது. சுவரில் பைப் ஏறின ஓட்டை. என் வீட்டுக்காரர் ஒட்டிய, பலூன் படம் போட்ட காலண்டர்கூட அப்படியே இருக்கிறது.

மூலையில் பலகைக்கல்லைக் காணோம். அவர் போட்ட போர் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை, வழவழவென்று. கொத்தனார் பூசியதில்லை, கரண்டி போன தடம் கோணல்மாணலாக இருக்கிறது. அங்கே ஒரு போர் இருப்பது வாரியத்துக்காரருக்குத் தெரியாது. ஊரில் நினைவு வைத்திருப்பவர்களும் இல்லை. புகை வந்த போரைப் பற்றி யார் பேசிக்கொண்டிருப்பார்கள்? நாங்கள்கூட வீட்டில் பேசமாட்டோம். தண்ணீர் இல்லையென்று போர் லாரிக்காரர்கள் குழாயைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனபோது அப்பன் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றவன் தாமு. அப்போது ஏழாவது படித்தான்.

யார் பூசியதோ.

டிசம்பர் 3

தலைவலி. பள்ளிக்கூடம் போகவில்லை.

டிசம்பர் 5

மூத்தவர் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். மூத்தவர் கட்டிலில் உட்கார்ந்து மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஆள் இளைத்துவிட்டார். ஒன்பது வருசத்துப் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எதற்காக எனக்காகப் பொய் சொல்கிறீர்கள் என்றேன்.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "உக்காரு அம்மிணி" என்றார். நான் உட்காரவில்லை.

"நான் பாத்தனம்மிணி. ஒரு நாள் மோட்டார் ரூம்ல சத்தம் கேட்டுப் போனேன். பைப்ப மாட்டிட்டு நின்னான். என்னையப் பாத்ததும் அழுதுட்டான். நான் ஒண்ணும் கேக்காம வந்துட்டேன்."

ஏன் தடுக்கவில்லை என்றேன். வாடகை வந்துகொண்டிருந்தது, பையனுக்கும் உள்ளூரிலேயே வேலை, கிணற்றோடு போகட்டும் என்று இருந்துவிட்டேன் என்றார். அது என் தப்பு, அதற்கு நான் கட்டுகிறேன் என்றார். பிறகு, "எனக்கென்ன, அறுவத்தெட்டாச்சு. புள்ளைகளும் இல்ல. அவம் பேரு மட்டும் கோர்ட்டுக் காயிதத்துல வேண்டாம். அத்தப்பன் பையனாச்சே."

ஒரே சாவி என்று இவர் ஏன் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று என்று எழுத ஆசை. ஆனால் அது அப்போது விளங்கியதல்ல. ஊதா நூலை அடுப்பில் போட்ட அன்றைக்கே விளங்கிவிட்டது.

போரைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் அக்கா. குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 6

தாமுவுக்குச் சோறு போட்டேன். பாதி தின்னும் வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன்: "அப்பன் போட்ட போர் மேல சிமெண்டு பூசுனது யாரு சாமி?"

வாயில் இருந்ததை விழுங்கினான். நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகச் சொல்லிவிட்டான். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போல எல்லாவற்றையும் சொன்னான். சுத்திகரிக்கிற மெசினை ஓட்டினால் செலவு என்று நிறுத்திவைத்துவிட்டு, மழைக்காலத்தில் ஒரு மாதம் மட்டும் கிணற்றில் விடலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறான். சாவி இருக்கிற வீட்டுப் பையன் என்றுதான் இவனுக்குச் சூப்பர்வைசர் வேலையே கொடுத்திருக்கிறான். ஒரு மாதம் ஒரு வருசம் ஆகிவிட்டது.

"கெணத்துல விட்டா நாத்தம் வெளிய வருது, வேற எடம் இருக்குதான்னு கேட்டாங்கம்மா. நாந்தான் சொன்னேன், அப்பா போட்ட போர் இருக்குதுன்னு. அதுக்கப்பறம் ரெண்டு வருசம் அதுலதான் எறக்குனோம். வாரியத்துல வராங்கன்னு தெரிஞ்சதும் பைப்ப மறுபடி கெணத்துக்கே திருப்பிட்டு, நானே பூசி மூடிட்டேன்."

பள்ளிக்கூடத்துத் தண்ணீர் இந்தப் போரிலிருந்துதான் என்று தெரியுமா என்றேன். முதலில் தெரியாது, தீபாவளிக்கு நீ சொன்னபோது தெரிந்துவிட்டது என்றான்.

அடிக்கக் கை எழுந்தது. மோரை ஊற்றினேன். அவன் குடிக்கவில்லை. எனக்கு அவன் மேல் வந்த கோபம் இந்த ஜென்மத்தில் யார் மேலும் வந்ததில்லை. ஆனாலும் அந்த நிமிசமே அவனை எங்காவது தூக்கிக்கொண்டுபோய் ஒளித்துவைக்க வேண்டும் என்றும் இருந்தது.

டிசம்பர் 7

வக்கீலிடம் போனில், போரைப் பற்றி வேறு யாருக்கோ என்பது போலக் கேட்டேன். அவர் முட்டாளில்லை. சொன்னால் அதையும் சுத்தம் செய்வார்கள், அது கிணறு போல இல்லை, பூமிக்குள் போனதை எடுக்க வருசக்கணக்காகும், செலவு பல மடங்கு ஏறும், செய்தவன் மேல் கிரிமினல் கேஸும் வரலாம் என்றார். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றுமில்லையம்மா, புதன்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றார்.

டிசம்பர் 8

இன்றைக்குப் பதினோரு பிள்ளைகள் எண்ணெய்க்குக் கை நீட்டின. போன வாரம் ஏழு.

இதை மட்டும்தான் எழுதத் தோன்றுகிறது.

டிசம்பர் 9

தாமு லீவு போட்டுவிட்டுத் தன் வண்டியிலேயே ஈரோட்டுக்கு, வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். நான் அவனை மேலே வரச் சொல்லவில்லை, கீழே நிற்கச் சொல்லவும் இல்லை. அவனாகவே படியேறி வந்து கதவோரம் நின்றான்.

மூத்தவர் முன்னாடியே வந்து தன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். வக்கீல் என் காகிதத்தைப் படித்துக் காட்டினார். கிணற்றில் எனக்கு எக்காலத்திலும் உரிமையோ அனுபவமோ இல்லை, சாவி இரண்டாம் பிரதிவாதியுடையது என்று இருந்தது. பேனாவை என் பக்கம் தள்ளினார்.

நல்ல காகிதம். அந்தப் பேனாவை எடுக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வீடு, நிலம், பிள்ளை, மூன்றும் அந்த ஒரு கையெழுத்தில் தப்பிக்கும். மூத்தவர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார், போடு போடு என்பது போல.

"இது பொய்யுங்க" என்றேன். "கெணறு சரிபாதி என்னுது. சாவி எங்க வீட்டுச் சாவி. அப்பிடியே எழுதுங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படி எழுதினால் சாவியை எடுத்தது யார் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும் அம்மா, அதை யார் சொல்வது என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமாகத் திரும்பவில்லை. அவன் வாயைத் திறக்காமல் இறங்கிப் போயிருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன்.

"நான் சொல்றனுங்க" என்றான் தாமு.

மூத்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அத்தனை பேருக்கு முன்னால் நான் அவரிடம் சொன்னேன்: "நீங்க ஒருத்தரே எதுக்குங்க மாமா சொமக்கோணும்? பாதி எங்க பங்குங்க."

டிசம்பர் 17

காலையிலேயே வாரியத்திலிருந்து ஜீப் வந்தது. தாமு மூலையைக் காட்டினான். கம்பரசர் வைத்து உடைத்தார்கள். அவன் பூசிய சிமெண்டு கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மூடியை எடுத்ததும் வந்த நாற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்ற எங்களுக்கே கண் எரிந்தது. கயிற்றில் ஒரு பாட்டிலைக் கட்டி உள்ளே இறக்கி எடுத்தார்கள். என் தீபாவளிச் சேலையின் நிறம்.

அதிகாரி தாமுவைத் தனியாக உட்காரவைத்து எழுதி வாங்கினார். நாளைக்குப் போலீஸ் ஸ்டேசனுக்கு வர வேண்டும் என்றார். வர்றனுங்க என்றான். மூத்தவர் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், யாரும் கூப்பிடாமலே. பள்ளிக்கூடத்து போரை இன்றைக்கே மூடிவிடுவதாகவும், தட்டுக் கழுவவும் சேர்த்துத் தினம் இரண்டு டேங்கர் அனுப்புவதாகவும் சொன்னார்கள். செலவு எவ்வளவு ஆகும் என்று எங்கள் இரண்டு பேரில் யாரும் கேட்கவில்லை. வீடு நிற்காது என்று எனக்குத் தெரியும்.

போகும்போது அதிகாரி மோட்டார் ரூமைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டு, சாவிகள் இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்றார். மூத்தவர் தன்னுடையதைக் கொடுத்தார். நான் இடுப்பிலிருந்து என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் ஒரே கவரில் போட்டு ஒட்டினார். ஒப்படைத்தவர் பேர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், பக்கத்தில் என்ன உரிமையில் என்று எழுத ஒரு கட்டம் இருந்தது.

சரிபாதிப் பங்குதாரர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.